காந்தம் பகையா, துணையா?

பெங்களூரின் தென்கிழக்கே, ஓசூர்ச் சாலையை ஒட்டி அமைந்திருப்பது பொம்மனஹள்ளி. தமிழ்நாட்டின் எல்லையை நோக்கிச் செல்லும் அந்த நெடுஞ்சாலையை அடுத்து ஆடைத் தொழிற்சாலைகளும் சிறு சிறு இயந்திரப் பட்டறைகளும் இருக்கின்றன. அவற்றிலே உழைப்போருள் தமிழர் பலர். 2025-ஆம் ஆண்டு முதல் அச்சாலையின் மேலே மெட்ரோ ரயிலும் ஓடுகிறது. பட்டறைக்குள் சென்று, நெடுநேரம் ஓடி நின்ற ஒரு மோட்டாரின் மேல் கையை வைத்துப் பாருங்கள். கை சுடும். அந்தச் சூட்டில் ஒரு பங்கு உராய்வினால் வந்தது. மற்றொரு பெரும்பங்கு, மோட்டாரினுள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பி மின்சாரத்தைத் தடுத்ததனால் வந்தது. அந்தச் சூட்டினால் யாருக்கும் பயனில்லை. ஆயினும் அதற்கும் சேர்த்தே நாம் கட்டணம் செலுத்துகிறோம்.

மின்சாரத்தைச் சிறிதும் தடுக்காத கம்பி ஒன்று உண்டா? உண்டு. அதனை மீகடத்தி என்று கூறுவர். அத்தகைய பொருள்களுள் அண்மைக் காலத்தில் அறிஞரைப் பெரிதும் திகைக்க வைத்தவை இரும்பைக் கொண்ட மீகடத்திகள். அவற்றில் வேறோர் அணுவைச் சிறிதளவு கலக்கும்போது அவற்றின் காந்தத் தன்மை எவ்வாறு மாறுகிறது, அந்த மாற்றத்திலிருந்து மீகடத்தல் எவ்வாறு பிறக்கிறது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் மீகடத்தலின் வரலாற்றைச் சிறிது நினைவு கூர்வோம். 1911-ஆம் ஆண்டில், ஹாலந்து நாட்டு லெய்டன் நகரிலே, கேமர்லிங் ஆன்னஸ் என்னும் பேரறிஞர் பாதரசத்தைத் திரவ ஹீலியத்தால் குளிர வைத்தார். பூச்சியத்துக்குக் கீழ் 269 டிகிரி சென்டிகிரேடை எட்டியதும், பாதரசத்தின் மின்தடை திடீரென மறைந்தது. குறைந்தது என்று சொல்லவில்லை; மறைந்தே போயிற்று. 1933-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர்களான மைஸ்னரும் ஆக்ஸன்ஃபெல்டும் மற்றொரு பண்பைக் கண்டனர். மீகடத்தி தன்னுள்ளே இருக்கும் காந்தப் புலத்தை வெளியே தள்ளிவிடுகிறது. காந்தத்தோடு அதற்கு ஆகாது என்பது அன்றே தெரிந்துவிட்டது.

இந்த வித்தை ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. பெரிய மருத்துவமனைகளிலே நோயாளியைக் குழாய் போன்ற கருவியினுள் படுக்க வைத்து மூளையையும் முதுகெலும்பையும் படம் பிடிக்கிறார்களே, அந்த எம்.ஆர்.ஐ. கருவிகளுள் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது நையோபியமும் டைட்டானியமும் கலந்த மீகடத்திக் கம்பிச் சுருள். அது தொழிற்படத் திரவ ஹீலியத்தின் கடுங்குளிர் வேண்டும். ஹீலியமோ அரிய வாயு, விலை மிகுந்தது, நம் நாட்டுக்குப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வருகிறது. இவ்வளவு குளிர் தேவைப்படாத மீகடத்தி கைவருமாயின், அத்தகைய கருவிகள் சிற்றூர்களையும் எளிதாகச் சென்றடையும். ஆகவே, நாம் பேசப் போகும் ஆராய்ச்சி ஏட்டளவில் நிற்கும் சுரைக்காய் அன்று. ஏழை நோயாளியின் செலவோடு தொடர்புடையது.

இனி, காந்தம் மீகடத்தலுக்கு ஏன் பகை என்பதைப் பார்ப்போம். 1957-ஆம் ஆண்டில் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் என்னும் மூன்று அமெரிக்க அறிஞர்கள் மீகடத்தலுக்கு விளக்கம் தந்தனர். சாதாரண உலோகத்தில் எலெக்ட்ரான்கள் தனித்தனியே ஓடுகின்றன; வழியிலே அணுக்களின் அதிர்வுகளில் மோதித் தடுமாறுகின்றன. மீகடத்தியிலோ அவை இரண்டிரண்டாக இணை சேர்ந்து, எல்லா இணைகளும் ஒரே ஒழுங்கில் இயங்குகின்றன. ஒவ்வோர் எலெக்ட்ரானும் ஒரு மிகச் சிறிய காந்த ஊசியைப் போன்றது. இணை சேர்ந்த இரண்டில் ஒன்றின் ஊசி மேல் நோக்கியிருந்தால், மற்றதன் ஊசி கீழ் நோக்கியிருக்கும். காந்தப் புலத்தின் இயல்பு யாது? எல்லா ஊசிகளையும் ஒரே பக்கம் திருப்ப முயல்வது. எதிரெதிராக நிற்பதே இணைக்கு உயிர்; ஒரே பக்கம் திருப்புவது காந்தத்தின் தொழில். கைகோத்துச் செல்லும் இருவரைப் பிரித்து இழுப்பது போல, காந்த அணு இணையைப் பிரித்துவிடுகிறது. இதனால், மீகடத்தி தேடுவோர் இரும்பின் பக்கம் தலைவைத்தும் படுக்கலாகாது என்பது நெடுங்காலம் ஓர் எழுதாச் சட்டமாக இருந்து வந்தது.

2001-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்கள் தூய இரும்பிலேயே மீகடத்தலைக் கண்டது உண்மையே. ஆயினும், அதற்கு வளிமண்டல அழுத்தத்தைப் போல் லட்சத்துக்கும் மேற்பட்ட மடங்கு அழுத்தம் வேண்டியிருந்தது. அந்த அழுத்தத்தில் இரும்பு தன் பழைய காந்தத் தன்மையை இழந்துவிடுகிறது. ஆகவே பழைய சட்டம் உடையவில்லை.

அதனை உடைத்தவர் டோக்கியோத் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த ஹிடியோ ஹொசோனோ. அவர் மீகடத்தியைத் தேடிப் புறப்பட்டவர் அல்லர். ஒளி ஊடுருவும் மின்பொருள்களை ஆராய்ந்து வந்த வழியிலே இதனைச் சந்தித்தவர். 2006-ஆம் ஆண்டில் லாந்தனம், இரும்பு, பாஸ்பரஸ், ஆக்ஸிஜன் ஆகியவை சேர்ந்த ஒரு பொருளில் மீகடத்தலை அவர் குழுவினர் கண்டனர். அதற்குக் கடுங்குளிர் தேவைப்பட்டமையால் உலகம் அதனைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2008-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பாஸ்பரஸுக்குப் பதிலாக ஆர்செனிக்கை வைத்து, ஆக்ஸிஜன் அணுக்கள் சிலவற்றை நீக்கி அவ்விடத்தில் ஃபுளூரினைச் சேர்த்தபோது, 26 கெல்வின் அளவிலேயே மின்தடை மறைந்தது. கெல்வின் என்பது குளிரின் அடித்தளத்திலிருந்து எண்ணும் அளவு. பூச்சியம் கெல்வின் என்பது பூச்சியத்துக்குக் கீழ் 273 டிகிரி சென்டிகிரேட். லாந்தனத்துக்குப் பதில் சமேரியத்தை வைத்துச் சீன அறிஞர்கள் அவ்வாண்டிலேயே 55 கெல்வினை எட்டினர்.

இப்பொருள்களின் உள்ளமைப்பு எத்தகையது? அடுக்கி வைத்த அப்பளங்களை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு தளத்தில் இரும்பு அணுக்கள் சதுரச் சதுரமாக, கோலத்துக்கு இட்ட புள்ளிகளைப் போல் வரிசையாக நிற்கின்றன. அந்தத் தளத்தின் மேலும் கீழும் ஆர்செனிக் அணுக்கள். இத்தகைய இரண்டு தளங்களுக்கு இடையே பேரியம் போன்ற வேறு அணுக்கள் தாங்கிக்கொண்டிருக்கின்றன. மின்சாரம் முக்கியமாக இரும்புத் தளத்திலேயே ஓடுகிறது. மீகடத்தலும் அங்கேதான் நிகழ்கிறது.

பேரியம் ஒன்று, இரும்பு இரண்டு, ஆர்செனிக் இரண்டு என்னும் விகிதத்தில் அமைந்த பொருளை உதாரணமாகக் கொள்வோம். இதனைக் கலப்பில்லாமல் தூயதாகச் செய்தால், சாதாரண அழுத்தத்தில் எவ்வளவு குளிரச் செய்தாலும் முழுமையான மீகடத்தி ஆவதில்லை. அதற்குப் பதிலாக, சுமார் 140 கெல்வின் அளவிலே, அதாவது பூச்சியத்துக்குக் கீழ் 133 டிகிரியிலே, அதன் இரும்பு அணுக்கள் ஒரு காந்த ஒழுங்கிற்கு வந்துவிடுகின்றன. இது வீட்டிலுள்ள லாடக் காந்தத்தின் ஒழுங்கு அன்று. லாடக் காந்தத்தில் எல்லா அணு ஊசிகளும் ஒரே பக்கம் நோக்குகின்றன. இங்கோ, ஒரு திசையில் நடந்தால் அடுத்தடுத்த ஊசிகள் மாறி மாறி எதிர்ப்பக்கம் நோக்குகின்றன. குறுக்குத் திசையில் நடந்தால் ஒரே பக்கம் நோக்குகின்றன. கோலாட்டத்தில் ஒரு வரிசை கிழக்கு நோக்கியும் அடுத்த வரிசை மேற்கு நோக்கியும் நிற்பது போல என்று கொள்ளலாம். கிழக்கும் மேற்கும் ஒன்றையொன்று ஈடு செய்வதால், இப்பொருள் ஓர் ஆணியைக்கூட இழுக்காது. இதனை எதிரிணைக் காந்த ஒழுங்கு எனலாம். இவ்வொழுங்கு வரும் தறுவாயில் சதுரமாக இருந்த அணுக்கட்டமும் மிகச் சிறிதளவு நீண்டு செவ்வகமாகிறது. அந்த நீட்சி நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. இவ்வளவையும் நியூட்ரான் கதிர்களைச் செலுத்தி 2008-ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தனர்.

இப்போது கலப்பிற்கு வருவோம். வேற்று அணுவைச் சிறிதளவு சேர்ப்பதை மாசூட்டல் என்று நம் பாடநூல்கள் கூறுகின்றன. மாசு என்றதும் முகம் சுளிக்க வேண்டா. பாலில் ஒரு துளி உறைமோர் விடுகிறோம்; பால் கெட்டுவிட்டது என்று யாரும் சொல்வதில்லை, தயிராயிற்று என்கிறோம். பெங்களூருக்குப் புகழ் தேடித் தந்த கணிப்பொறித் தொழிலுக்கு அடிப்படையான சிலிக்கான் சில்லுகளும் இத்தகைய மாசூட்டலால் உயிர் பெற்றவையே.

மாசூட்டலை மூன்று வகையாகச் செய்யலாம். முதலாவது, தாங்கி நிற்கும் பேரியத்தின் இடத்தில் பொட்டாசியத்தை வைப்பது. பேரியம் இரண்டு எலெக்ட்ரான்களைக் கொடுக்கும். பொட்டாசியம் ஒன்றையே கொடுக்கும். ஆகவே இரும்புத் தளத்தில் எலெக்ட்ரான் பற்றாக்குறை உண்டாகிறது. நூறு பேரிய அணுக்களில் நாற்பதை இவ்வாறு மாற்றினால் காந்த ஒழுங்கு அடியோடு மறைகிறது. 38 கெல்வினிலே மீகடத்தல் தோன்றுகிறது. 2008-ஆம் ஆண்டில் மியூனிக் நகரத்து அறிஞர்கள் கண்ட உண்மை இது.

இரண்டாவது வகை இன்னும் வியப்பானது. இரும்பின் இருக்கையிலேயே கோபால்ட்டை அமர்த்துவது. இரும்பைவிடக் கோபால்ட்டுக்கு ஓர் எலெக்ட்ரான் அதிகம். நூறு இரும்பு அணுக்களில் ஆறு அல்லது ஏழை மட்டும் மாற்றினால் போதும். காந்த ஒழுங்கு அடங்கி, இருபது கெல்வினுக்குச் சற்று மேலே மீகடத்தல் சிறந்து விளங்குகிறது. கோபால்ட்டும் காந்த உலோகமே. மீகடத்தல் நிகழும் தளத்திலேயே காந்த உலோகத்தைக் கொண்டுபோய் வைத்தும் மீகடத்தல் அழியாமல், அதனாலேயே பிறந்தது என்றால் அறிஞர் திகைத்ததில் வியப்பென்ன? 1986-ஆம் ஆண்டில் பெட்னோர்ஸ், முல்லர் என்போர் கண்டறிந்த செம்பு ஆக்ஸைடு மீகடத்திகளில் செம்பின் இடத்தில் வேற்று அணுவை வைத்தால் மீகடத்தல் விரைவில் கெட்டுவிடும். இரும்புக் குடும்பம் அவ்வகையில் பெருந்தன்மை உடையது.

மூன்றாவது வகை, எலெக்ட்ரான் எண்ணிக்கையை மாற்றாத சம அணுவைச் சேர்ப்பது. ஆர்செனிக்கின் இடத்தில், அதே குடும்பத்தைச் சேர்ந்ததும் உருவில் சிறியதுமான பாஸ்பரஸை நூற்றுக்கு முப்பது என்னும் அளவில் வைத்தால், சுமார் 30 கெல்வினில் மீகடத்தல் வருகிறது. இங்கே நடப்பது அணுக்கட்டம் உள்ளுக்குள் இறுகுவது. வெளியிலிருந்து அழுத்தினாலும் அதே விளைவை எதிர்பார்க்கலாம் அல்லவா?

இவ்விடத்தில் நம் தமிழ்நாட்டுக் கடற்கரைக்குச் செல்வோம். சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டில் அம்மையத்து விஞ்ஞானிகள், நாம் உதாரணமாகக் கொண்ட பேரியப் பொருளின் தனிப்படிகங்களை அழுத்தத்துக்கு உள்ளாக்கி, கலப்பே இல்லாமல் அழுத்தத்தினாலேயே மீகடத்தல் தோன்றுவதை வெளியிட்டனர். 2010-ஆம் ஆண்டில் மற்றொரு முடிவு வந்தது. இரும்பின் இடத்தில் ரூதினியத்தை வைத்தனர். தனிமங்களின் அட்டவணையில் இரும்புக்கு நேர் கீழே இருப்பது ரூதினியம். உறவுமுறையில் தம்பி என்றே சொல்லலாம்; ஆனால் காந்த வேட்கை குறைந்த தம்பி. ரூதினியத்தை ஏற்ற ஏற்ற, காந்த ஒழுங்கு தோன்றும் வெப்பநிலை படிப்படியாகக் கீழிறங்கியது. நூறு இரும்பு அணுக்களில் ஏறத்தாழ 37 முதல் 56 வரை மாற்றிய பொருள்களில், சுமார் 22 கெல்வினில் மீகடத்தல் வெளிப்பட்டது. அதாவது, முதலில் காந்த ஒழுங்கு தளர்ந்தது. அதன் பின்னரே மீகடத்தல் வந்தது.

இம்முடிவைப் பிற சோதனைகளாலும் அவர்கள் சரிபார்த்தனர். மாஸ்பாவர் முறை என்பது காமா கதிர்களைக் கொண்டு இரும்பின் அணுக்கருவையே நோக்கி, "உன்னைச் சுற்றிக் காந்தம் எவ்வளவு?" என்று கேட்கும் முறை. அச்சோதனையும் ரூதினியம் சேரச் சேரக் காந்த உறவு நலிவதையே காட்டியது. கணக்கீடுகளும் செய்தனர். பாதி இரும்பை மாற்றிய நிலையில் ஒவ்வோர் இரும்பு அணுவின் காந்த வலிமையும் மிகக் குறைவாக இருப்பதாக அவை கூறின. ரூதினியத்தைச் சம அணு என்று எண்ணினாலும், அது உண்மையில் எலெக்ட்ரான்களைச் சிறிது கூட்டுவதாகவும் அக்கணக்கீடுகள் தெரிவித்தன. நம் மண்ணில் செய்த பொருளைக் கொண்டு உலகத்தின் பெரிய வினா ஒன்றுக்குச் சான்று தேடிய முயற்சி இது.

இதுவரை கேட்டவர்கள், "அப்படியானால் காந்தம் ஒழிந்தால் மீகடத்தல் வரும், கதை முடிந்தது" என்று எண்ணலாம். கதை அவ்வளவு எளிதன்று. மாங்கனீஸ் அணுவையோ குரோமியம் அணுவையோ இரும்பின் இடத்தில் வைத்துப் பார்த்தனர். காந்த ஒழுங்கு மாறுகிறது. ஆனால் மீகடத்தல் வரவே இல்லை. மறுபுறம், கலப்பு அளவு மீறினாலும் மீகடத்தல் தேய்கிறது. பேரியம் முழுவதையும் நீக்கிப் பொட்டாசியமே ஆக்கினால் 38 கெல்வின் என்னும் உயரம் சுமார் 3 கெல்வினாகச் சரிகிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இங்கும் பொருந்துகிறது.

இன்னும் ஒரு புதிர் உண்டு. கோபால்ட்டை மிகக் குறைவாக, நூற்றுக்கு நான்கு அல்லது ஐந்து என்று சேர்த்த பொருளில், காந்த ஒழுங்கும் மீகடத்தலும் ஒரே வீட்டில் ஒருங்கே குடியிருக்கின்றன. ஒண்டுக்குடித்தனத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்த வாழ்க்கை தெரியும். குழாய் ஒன்று, குடும்பம் இரண்டு. ஒருவர் நிறைய நீர் பிடித்தால் மற்றவருக்குக் குறையும். பொருளைக் குளிரச் செய்து மீகடத்தல் தொடங்கும் வெப்பநிலைக்குக் கீழே கொண்டு சென்றால், அதுவரை வளர்ந்து வந்த காந்த ஒழுங்கு வளர்ச்சி நின்று, தேயத் தொடங்குவதை 2009-ஆம் ஆண்டு நியூட்ரான் சோதனைகள் காட்டின. இரண்டும் அதே எலெக்ட்ரான்களுக்காகப் போட்டியிடுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டுமோ?

போட்டி என்றால் பகைதானே? இங்கேதான் நம் தலைப்பின் வினா எழுகிறது. மீண்டும் கோலாட்டத்தை நினைவு கொள்ளுங்கள். ஆடுவோர் அனைவரும் கோலை ஓங்கியபடியே சிலைகளாக உறைந்து நின்றால் அங்கே ஆட்டம் இல்லை. மாசில்லாத பொருளில் உள்ள காந்த ஒழுங்கு அத்தகைய உறைந்த நிலை. சிலரை விலக்கி வேறு சிலரை நிறுத்தியதும் அந்த உறைவு கலைகிறது. ஆனால் ஆடுவோர் கலைந்து வீட்டுக்குப் போய்விடவில்லை. ஒருவர் திரும்பினால் எதிரே நிற்பவர் எதிர்ப்பக்கம் திரும்பும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இப்போதுதான் உண்மையான ஆட்டம் தொடங்குகிறது. உறைந்த காந்தம் போய், அசையும் காந்தம் எஞ்சுகிறது. அந்த அசைவே எலெக்ட்ரான்களை எதிரெதிராக இணை சேர்க்கும் பசையாக இருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். மீகடத்தல் தொடங்கும்போது இந்த அசைவின் இயல்பும் கூடவே மாறுவதை 2008-ஆம் ஆண்டிலேயே பொட்டாசியம் சேர்த்த பொருளில் நியூட்ரான்கள் காட்டிவிட்டன. மாங்கனீஸ் சேர்த்த இடத்தில் மீகடத்தல் வராததன் காரணமும் ஓரளவு விளங்குகிறது. அது தன் வலிய காந்தத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, பக்கத்திலுள்ள ஆட்டத்தையும் கெடுத்துவிடுகிறது.

ஆயினும் இது முடிந்த தீர்ப்பு அன்று. இரும்பும் செலினியமும் மட்டுமே சேர்ந்த எளிய பொருள் ஒன்று உண்டு. 2008-ஆம் ஆண்டில் தைவான் அறிஞர்கள் அதில் 8 கெல்வினில் மீகடத்தலைக் கண்டனர். சாதாரண அழுத்தத்தில் அதில் நிலைத்த காந்த ஒழுங்கே கிடையாது, மாசூட்டலும் தேவைப்படவில்லை. குடும்பத்தில் ஒரு பிள்ளை மட்டும் வேறு வழியில் செல்வது போல இது நிற்கிறது. அணுத்தளத்தின் அசைவு, எலெக்ட்ரான்கள் அமரும் நிலைகளின் மாற்றம் ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு என்று வாதிடுவோரும் உளர்.

காந்த ஒழுங்குடைய பொருளை மாசூட்டி மீகடத்தி ஆக்கும் வினாவில் தமிழ்நாட்டு அறிவும் முன்னரே கலந்திருக்கிறது. செம்பு ஆக்ஸைடுகள் பரபரப்பூட்டிய 1987-ஆம் ஆண்டில், சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தோடு நெடுங்காலம் தொடர்புடைய ஜி. பாஸ்கரன், அமெரிக்க அறிஞர் பிலிப் ஆண்டர்சனோடு சேர்ந்து அதற்கொரு கொள்கையை வகுத்தார். அதே ஆண்டில் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்திலே சி.என்.ஆர். ராவ் குழுவினர், திரவ நைட்ரஜனின் குளிரே போதும் என்னும் புதிய மீகடத்தியில் உண்மையில் மீகடத்தும் பகுதி எது என்று ஆராய்ந்து வெளியிட்டனர். பொம்மனஹள்ளியிலிருந்து அந்த நிறுவனம் நகரின் மறுகோடியில் இருக்கிறது, அவ்வளவே.

பயன் எப்போது என்று கேட்பீர்கள். இரும்பு மீகடத்திகள் வலிய காந்தப் புலத்தையும் தாங்கும் ஆற்றல் உடையவை. 2016-ஆம் ஆண்டில் சீன அறிஞர்கள் நூறு மீட்டர் நீளக் கம்பியே செய்து காட்டினர். ஆனால் ஆர்செனிக் நச்சுப் பொருள். படிகத் துகள்களை இடைவெளியின்றி இணைப்பதும் கடினம். நம் பட்டறை மோட்டாரின் சூட்டை இது நாளையே தணித்துவிடும் என்று சொன்னால் அது பொய்யாகும்.

அவ்வாறு சொல்வோரிடம் எச்சரிக்கையும் வேண்டும். வத்திராயிருப்பில் 1898-ஆம் ஆண்டு பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், உங்களைப் போலவே ஊர் விட்டு ஊர் சென்றவர். டாக்காவிலும் கல்கத்தாவிலும் இருந்து, படிகங்களின் காந்தத் தன்மை திசைக்குத் திசை எவ்வாறு வேறுபடுகிறது என்பதை மிக நுட்பமாக அளந்தவர். பின்னர் டில்லித் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராக விளங்கியவர். 2023-ஆம் ஆண்டில் தென்கொரியாவிலிருந்து, அறை வெப்பத்திலேயே மீகடத்தும் பொருள் கிடைத்துவிட்டதாக ஒரு செய்தி உலகமெங்கும் பரவியது. டில்லியில் அதே ஆய்வகத்து விஞ்ஞானிகள் அப்பொருளைத் தாமே செய்து சோதித்து, அதில் மீகடத்தல் இல்லை என்று அடக்கமாகத் தெரிவித்தனர். ஆரவாரத்தை அளவுகோலால் அடக்குவதே விஞ்ஞானத்தின் ஒழுக்கம்.

ஆகவே, காந்தம் பகையா, துணையா? உறைந்து நின்றால் பகை. அசைந்து கொடுத்தால் துணையாகலாம். உறைந்ததை அசைய வைக்க, வெளியிலிருந்து வந்து அமரும் ஒரு சில அணுக்களே போதுமானவையாக இருக்கின்றன. எத்தனை அணுக்கள், எந்த இருக்கையில் என்பதை அறிவதே இக்கலையின் உயிர். பொம்மனஹள்ளிப் பள்ளிகளில் இன்று காந்தத்தையும் ஆணியையும் வைத்து விளையாடும் நம் பிள்ளைகளுள் ஒருவர், அந்த வினாவுக்கு எஞ்சிய விடையை எழுதக்கூடும். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குச் செவி கொடுப்போமாக.